சோலார் போடலாமா? கேட்டவர்களுக்கு என் பதில்கள்

மதுரையிலிருந்து: அண்ணே, இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓடுகிறது. எத்தனை கிலோவாட் போடலாம்?

ஒரு கிலோவாட் பேனல் நம் ஊர் வெயிலில் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். உங்களுக்கு 2 கிலோவாட் போதும். நிழல் விழாத மாடி இடம் சுமார் 200 சதுர அடி வேண்டும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய் மானியம் உண்டு. 3 கிலோவாட்டுக்கு 78,000. அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் அதே தொகைதான். பக்கத்து வீட்டுத் தென்னையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பேனலில் நிழல் விழுந்தால் அதோடு கோத்த மற்றவையும் சுணங்கும்.

திருச்சியிலிருந்து: பேனல் இருந்தும் கரண்ட் போனால் வீடு இருட்டாகிறதே, ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. லைன் போனதும், பேனல் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் இன்வெர்ட்டர் தானாக நிற்க வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் மாடி மின்சாரம் கம்பிக்குப் போய், கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனைத் தாக்கும். கரண்ட் போனபோதும் வேண்டுமென்றால், பேட்டரியோடு வேலை செய்யும் ஹைபிரிட் இன்வெர்ட்டர்தான் வழி.

சிவகங்கை விவசாயி: சோலார் மோட்டார் எங்களுக்கு லாபமா தம்பி?

ஐயா, என் அப்பா ராத்திரி 2 மணிக்கு மோட்டார் ஓட்டும் த்ரீ பேஸ் கரண்ட் வரும் முறையில், ஒரு கையில் டார்ச், மறு கையில் தடியோடு, பாம்புக்காக வரப்பைத் தட்டிக்கொண்டே மோட்டார் ரூமுக்குப் போவார். பகலில் தண்ணீர் பாய்ச்சலாம் என்பதே எனக்குப் பெரிய லாபமாகத் தெரிகிறது. 2019-இல் வந்த பிஎம் குசும் திட்டத்தில் இதற்கு மானியம் இருக்கிறது.

ஆனால் ஒரு பயமும் உண்டு. வெயிலுக்குக் காசில்லை என்று பொழுது சாயும்வரை மோட்டாரை ஓடவிட்டால் போர்வெல் வற்றிவிடும். உங்களிடம் ஏற்கெனவே மின் இணைப்பு இருந்தால், அதே திட்டத்தில் அந்த மோட்டாருக்கே பேனல் போட்டு, மிச்ச மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்கும் வழியைக் கேளுங்கள். இறைக்காமல் விட்டாலும் வரும்படி வந்தால், யார் வீணாக இறைப்பார்கள்? கூடவே சொட்டுநீர் போட்டுவிடுங்கள்.

ஒரு கல்லூரி மாணவி: நாடு வளர சோலார் மட்டும் போதுமா சார்?

போதாதும்மா. 2025 ஜனவரியில் இந்தியாவின் சோலார் திறன் 100 கிகாவாட்டை, அதாவது ஒரு லட்சம் மெகாவாட்டை, தாண்டியது. இருந்தும் பாதிக்கு மேல் மின்சாரம் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. மாலை 7 மணிக்கு வீடுதோறும் விளக்கும் ஃபேனும் ஓடும்போது பேனல் தூங்கிவிடும். சேமிப்புதான் அடுத்த வேலை. ஆழியாறுக்கு மேலே காடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் உபரி மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி, தேவையான நேரத்தில் கீழே விட்டு மின்சாரம் எடுக்கிறது. இப்படி இன்னும் பல வேண்டும், பேட்டரியும் வேண்டும். நிலமும் யோசிக்க வேண்டியது: 648 மெகாவாட் கமுதி சோலார் நிலையம் சுமார் 2,500 ஏக்கரில் இருக்கிறது. பள்ளிக்கூடம், குடோன், ஆஸ்பத்திரி மாடிகள் காலியாகக் கிடக்கும்போது மேய்ச்சல் நிலத்தில் கை வைக்கக் கூடாது என்பதுதான் என் கருத்து.

கோவையிலிருந்து: பேனலை எப்படிக் கழுவுவது?

விடியற்காலையில், வெறும் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். மதியம் கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடலாம். புறா எச்சத்தைச் சுரண்டாதீர்கள், ஊறவிட்டுத் துடையுங்கள்.