மென்மையாகப் பாடினால் ராக் இல்லையா?

அன்புள்ள சார்,

எழுபதுகளின் ராக் இசை பற்றிய உங்கள் கட்டுரையில் ஈகிள்ஸ், ஃப்ளீட்வுட் மேக் வரிசையில் கார்பென்டர்ஸையும் சேர்த்திருந்தீர்கள். திடுக்கிட்டுப் போனேன். அண்ணனும் தங்கையும் கல்யாண வரவேற்புக்குக் கிளம்பியவர்கள் மாதிரி உடுத்திக்கொண்டு காதல் பாட்டு பாடுகிறார்கள். கிதார் உறுமுவதில்லை. கோபமோ கலகமோ மருந்துக்கும் கிடையாது. அமெரிக்க அதிபர் நிக்சன் முன்னால் வெள்ளை மாளிகையில் பாடியவர்கள் வேறு. இவர்களும் ராக் என்றால் அப்புறம் எதுதான் ராக் இல்லை? நல்ல பாப் இசை என்று சொல்லிவிட்டுப் போனால் யாருக்கு என்ன குறை?

அன்புடன்,
எம்.

அன்புள்ள எம்.,

கார்பென்டர்ஸ் பாடியதெல்லாம் ராக் என்று நான் எழுதவில்லை. 1970ல் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்த ‘க்ளோஸ் டு யூ’ ராக் அல்ல. அது பர்ட் பேக்கராக் மெட்டும் ஹால் டேவிட் வரிகளும் சேர்ந்த அழகான பாப் பாடல். எழுபதுகளில் மென்மையாகப் பாடிய எல்லோருக்கும் இடம் கேட்டு நான் வரவில்லை. காதல் பாட்டுகளுக்குப் பேர்போன பாப் பாடகர் பேரி மேனிலோவை யாராவது ராக் என்றால் நானும் உங்கள் பக்கம்தான் நிற்பேன்.

ஆனால் 1972ல் வந்த ‘குட்பை டு லவ்’ பாடலை ஹெட்ஃபோன் போட்டு ஒருமுறை முழுசாகக் கேளுங்கள். தொடக்கத்தில் தங்கை கேரனின் குரலும் பியானோவும் மட்டும்தான். கீழ் ஸ்தாயியில், மைக்குக்கு மிக நெருக்கமாக, மூச்சு விட இடமே இல்லாத நீண்ட வரிகள். காதலே வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்ட ஒருத்தியின் பாட்டு. அப்படியே போய்க்கொண்டிருக்கும்போது வேண்டுமென்றே கரகரப்பாக்கிய ஒலியோடு ஒரு ஃபஸ் கிதார் நடுவில் புகுந்து, பாடலின் மெட்டையே கொஞ்ச தூரம் வாசித்துவிட்டு, பிறகு கட்டறுத்துக்கொண்டு ஓடுகிறது. கடைசியில் பல குரல்கள் சேர்ந்து ஹார்மனி எழுப்ப, அதன் மேலேயே அந்தக் கிதார் மறுபடியும் வருகிறது. இந்த முறை நிற்பதாக இல்லை. டிரம்ஸும் கூடவே ஏறுகிறது.

வாசித்தவர் டோனி பெலுசோ. கார்பென்டர்ஸ் கச்சேரிகளுக்கு முன்னால் வாசித்த ஒரு குழுவில் இருந்த இளைஞர். அண்ணன் ரிச்சர்ட் கார்பென்டர் கூப்பிட்டபோது, இவர்களுக்கு ஏற்றதாக இருக்கட்டும் என்று முதலில் மெல்லிசாகத்தான் வாசித்திருக்கிறார். அது வேண்டாம், மெட்டில் ஆரம்பித்து அப்புறம் கொளுத்து என்று சொன்னவர் ரிச்சர்ட். பாடல் வெளியானதும் ரசிகர்களிடமிருந்தே வசைக் கடிதங்கள் வந்தன, ஹார்ட் ராக்குக்கு விலைபோய்விட்டார்கள் என்று. நீங்கள் இவர்களிடம் ராக் இல்லை என்கிறீர்கள். அன்றைய ரசிகர்களுக்கோ அது நன்றாகவே கேட்டிருக்கிறது. பின்னால் எண்பதுகளில் ஒவ்வொரு ராக் குழுவும் போட்ட, மெல்லத் தொடங்கி கிதார் வெடித்து முடியும் பாடல்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பாடல்தான் ஞாபகம் வரும்.

சத்தத்தை வைத்து அளந்தால் பீட்டில்ஸே தேறாது. 1965ல் வந்த ‘யெஸ்டர்டே’ ஒரு குரல், ஒரு அகூஸ்டிக் கிதார், நான்கு தந்தி வாத்தியங்கள், அவ்வளவுதான். அதற்காக அவர்களை யாரும் ராக்கிலிருந்து வெளியேற்றவில்லை. கலகம் என்ற அளவுகோலும் உதவாது. எல்விஸ் பிரெஸ்லி 1970 டிசம்பரில் தானே வலியப் போய் நிக்சனைப் பார்த்துக் கைகுலுக்கிவிட்டு வந்தவர்.

ராக்குக்கும் மென்மையான பாட்டுக்கும் நடுவே இந்த வேலியைப் போட்டதில் வானொலி வியாபாரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பில்போர்டு பத்திரிகை 1961லேயே ‘ஈஸி லிசனிங்’ என்று தனிப்பட்டியல் தொடங்கிவிட்டது. ராக் அண்ட் ரோல் சத்தம் வேண்டாம் என்ற நிலையங்கள் அதைப் பார்த்துப் பாட்டு போட்டன. கார்பென்டர்ஸ் அங்கே கொடிகட்டிப் பறந்தார்கள், அதனாலேயே அந்தப் பெட்டிக்குள் அடைக்கப்பட்டார்கள். ஸ்டுடியோவுக்குள் அப்படி ஒரு வேலி கிடையாது. 1966ல், பதினாறு வயதில், கேரன் பாடிப் பதிவு செய்தது லாஸ் ஏஞ்சல்ஸில் ஜோ ஆஸ்போர்ன் தன் வீட்டு கராஜில் வைத்திருந்த ஸ்டுடியோவில். மாமாஸ் அண்ட் பாப்பாஸ் குழுவுக்கு பேஸ் கிதார் வாசித்த அதே ஆஸ்போர்ன். கார்பென்டர்ஸின் பல ஹிட் பாடல்களில் டிரம்ஸ் வாசித்தவர் ஹால் பிளெய்ன். ரோனெட்ஸ் என்ற பெண்கள் குழுவின் ‘பி மை பேபி’ தொடக்கத்தில் வரும் அந்த அடியும் அவர் கைதான்.

யாருக்கு என்ன குறை என்று கேட்டீர்கள். கேரனுக்குத்தான் குறை. பள்ளி பேண்டில் சேர்ந்து டிரம்ஸைப் பிடித்தவர் அவர். அண்ணனோடு சேர்ந்து அமைத்த ஜாஸ் மூவர் குழுவில், 1966ல் ஹாலிவுட் பௌல் போட்டியில் ஜெயித்தபோதும் டிரம்ஸ்தான் வாசித்தார். தன்னை முதலில் டிரம்மர் என்றே நினைத்தவர். பாட்டு பிரபலமானதும், டிரம்ஸுக்குப் பின்னால் ஆள் தெரியவில்லை, முன்னால் வந்து நின்று பாடட்டும் என்ற நெருக்கடி. மேடையில் வேறொருவர் டிரம்ஸில் உட்கார்ந்தார். வெள்ளைக்காரப் பையன்கள் வாசித்தால் ராக், கவுன் போட்ட பெண் மென்மையாகப் பாடினால் வேறேதோ என்று பார்த்த கண்களுக்கு அவருடைய கைகள் தெரியவே இல்லை. இன்றைக்கும் அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் அனோரெக்ஸியா என்ற, சாப்பாட்டை ஒதுக்கவைக்கும் நோயையும் முப்பத்திரண்டு வயதில் வந்த மரணத்தையும் பேசுகிறார்கள். டிரம்ஸைப் பேசுபவர்கள் குறைவு. அவரை ராக் வரிசையில் வைத்துக் கேட்டால்தான் அந்தப் பாதி நம் காதில் விழும். அதனால்தான் சேர்த்தேன், இனியும் சேர்ப்பேன்.

1994ல் பல ராக் குழுக்கள் சேர்ந்து கார்பென்டர்ஸ் பாடல்களைப் பாடி ஓர் ஆல்பம் போட்டன. அதில் சோனிக் யூத், இரைச்சலுக்கே பெயர்போன குழு, எடுத்துக்கொண்டது ‘சூப்பர்ஸ்டார்’. ஊர் ஊராகப் போகும் கிதார்க்காரன் ஒருவனுக்காகக் காத்திருக்கும் பெண்ணின் பாட்டு அது.

1973ல் வந்த அவர்களுடைய ‘நவ் அண்ட் தென்’ இசைத்தட்டு கிடைத்தால் அதன் இரண்டாம் பக்கத்தைக் கேளுங்கள். பீச் பாய்ஸின் ‘ஃபன், ஃபன், ஃபன்’ தொடங்கி அறுபதுகளின் பழைய பாடல்களை வரிசையாகக் கோத்துப் பாடியிருக்கிறார்கள், நடுநடுவே பெலுசோ வானொலி அறிவிப்பாளராகப் பேசுகிறார். டிரம்ஸ் கேரன். பாட்டை விட்டுவிட்டு டிரம்ஸை மட்டும் கவனித்துக் கேளுங்கள். அதற்குப் பிறகும் மனம் மாறவில்லை என்றால் மறுபடி எழுதுங்கள், பேசுவோம்.