14 ரூபாய் – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் பி.சி.ஏ. முடித்தவள். ஊர் திருவண்ணாமலை பக்கம். போன ஆகஸ்டில் ஒரு பெரிய வங்கியின் தொழில்நுட்பப் பிரிவில், சென்னையில், அப்ரண்டிஸாகச் சேர்ந்தேன். ஓராண்டுப் பயிற்சி, மாதம் 15,000 ரூபாய். பெருங்குடியில் ஹாஸ்டல். நான்கு மாதமாகியும் ஒரு வரி கோட்கூட எழுத விடவில்லை. டெஸ்ட் கேஸ் (மென்பொருள் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் சோதனைகள்) எழுதுகிறேன், எக்ஸெல்லில் ரிசல்ட் நிரப்புகிறேன். உண்மையான கணக்கு எதையும் பார்க்கவே அனுமதி கிடையாது. என்னோடு படித்தவள் ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்து இதற்குள் ஒரு ஆப்பையே எழுதி முடித்துவிட்டாள். அம்மாவோ எல்லோரிடமும் ‘பொண்ணு பேங்க்ல வேலை’ என்று சொல்லி வரன் பார்க்கத் தொடங்கிவிட்டார். ஒரு வருஷம் கழித்து என்ன ஆகும் என்று எனக்கே தெரியாது. நீங்களும் இப்படித்தான் தொடங்கினீர்கள் என்று உங்கள் கட்டுரை ஒன்றில் படித்தேன். இதை விட்டுவிட்டு வேறு பார்க்கட்டுமா?

ம.

அன்புள்ள ம.,

விட வேண்டாம். ஏன் என்று சொல்ல நான் 2003க்குப் போக வேண்டும்.

அந்த வருஷம் நானும் ஒரு பெரிய வங்கியின் கணினிப் பிரிவில் ஓராண்டுப் பயிற்சியில் இருந்தேன். ஒவ்வொரு கிளையாக கோர் பேங்கிங்குக்கு மாறிக்கொண்டிருந்த காலம். கிளையின் பழைய கணினியில் இருக்கும் கணக்குகளை மத்திய சர்வருக்குக் கொண்டுபோக வேண்டும். சனிக்கிழமை மதியம் கிளையை மூடியதும் தொடங்குவோம். ஞாயிறு இரவுக்குள் பழைய மொத்தமும் புதிய மொத்தமும் பைசா பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். திங்கள் காலை ஷட்டர் திறந்தால் வரிசை நிற்கும்.

எனக்குக் கொடுத்தது டேட்டாவைச் சுத்தம் செய்யும் வேலை. பழைய பதிவுகள் சிலவற்றில் கணக்கு தொடங்கிய தேதியே இல்லை. அங்கே என்ன போடுவது என்று கேட்டேன். ‘மாத்துற தேதியையே போடும்மா’ என்று யாரோ அவசரத்தில் சொன்னார்கள். போட்டேன். நவம்பர் பாதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கிளை மாறியது. மொத்தம் சரியாக வந்தது. டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போனோம்.

ஜனவரியில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் பாஸ்புக்கோடு கிளைக்கு வந்தார். கையில் ஒரு துண்டுத்தாள். டிசம்பரில் போட்ட அரையாண்டு வட்டியில் 14 ரூபாய் குறைகிறது என்றார். அப்போது சேமிப்புக் கணக்குக்கு வட்டி 3.5 சதவீதம். அதுவும் மாதத்தின் 10ஆம் தேதியிலிருந்து கடைசி நாள் வரை இருந்த மிகக் குறைந்த இருப்புக்குத்தான். (அன்றாட இருப்புக்கு வட்டி கணக்கிடும் முறை 2010 ஏப்ரலில்தான் வந்தது.) நவம்பரில் அவருடைய குறைந்த இருப்பு 4,800 ரூபாய். ஒரு மாத வட்டி 14 ரூபாய். அவர் கணக்கு சரி. நான் போட்ட தேதியைப் பார்த்த புரோகிராம், இது நவம்பர் 10ஆம் தேதிக்குப் பிறகு தொடங்கிய புதுக் கணக்கு என்று எடுத்துக்கொண்டு அந்த மாதத்தையே விட்டுவிட்டது.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஒரே ஒரு வரி எஸ்.க்யூ.எல். (டேட்டாபேஸில் நேரடியாக மாற்றும் கட்டளை) போதும், அவர் இருப்பை 14 ரூபாய் கூட்டிவிடலாம் என்று என் மேலதிகாரியிடம் சொன்னேன். அந்த அம்மா கோபப்படவில்லை. “அந்தப் பதினாலு ரூபாயை எங்கேருந்து எடுப்ப?” என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. கல்லூரியில் யாரும் கேட்காத கேள்வி அது. ஒரு கணக்கில் பணம் ஏறினால் இன்னொரு கணக்கில் இறங்க வேண்டும். வங்கி கொடுத்த வட்டி என்ற செலவுக் கணக்கில் பற்று, ஆசிரியர் கணக்கில் வரவு. அதற்கு ஒரு வவுச்சர். ஒருவர் எழுத வேண்டும், வேறொருவர் சரிபார்த்து அனுமதிக்க வேண்டும். ஏன் இந்தப் பதிவு என்று காரணம் இருக்க வேண்டும். அதோடு நிற்கவில்லை. என் கையால் தேதி போட்ட எல்லாக் கணக்குகளையும் பட்டியல் எடுக்கச் சொன்னார். துண்டுத்தாளோடு வராதவர்களுக்கும் வட்டி போய்ச் சேர்ந்தது. எல்லாம் முடிய ஒன்பது நாளாயிற்று. ஆசிரியர் வந்து, பாஸ்புக்கில் அந்த 14 ரூபாயைப் பதிந்து வாங்கிக்கொண்டு போனார்.

உங்களை ஏன் உண்மையான கணக்குப் பக்கமே விடவில்லை என்பது இப்போது புரியும் என்று நினைக்கிறேன். உங்கள் தோழி நன்றாகவே கற்கிறாள், அதில் சந்தேகம் இல்லை. அவள் ஆப்பில் ஒரு பிழை என்றால் நாளை புது வெர்ஷன் போடலாம். வங்கியில் ஒருமுறை பதிந்ததை அழிக்கக் கூடாது. தவறை எதிர்ப்பதிவு போட்டுத்தான் திருத்த வேண்டும். தவறும் திருத்தமும் இரண்டுமே ஸ்டேட்மெண்டில் நிற்கும்.

டெஸ்ட் கேஸ் எழுதுவதைக் கீழான வேலையாக நினைக்காதீர்கள். யுபிஐயில் ஒருவர் கணக்கிலிருந்து பணம் போய்விட்டது, இன்னொருவருக்கு ஏறவில்லை. இப்படி நின்றுபோன பணம் மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் விதி போட்டது. ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்தால் ஐந்து நாள் கெடு. சரி, இரவு 11:59க்கு அனுப்பி 12:01க்கு அறுந்துபோன பரிமாற்றத்துக்கு ‘மறுநாள்’ எது? அன்று மாதக் கடைசி என்றால்? அனுப்பியவர் கணக்கு அதற்குள் முடக்கப்பட்டிருந்தால்? இந்தக் கேள்விகளை எழுதுகிறவர்தான் டெஸ்ட் கேஸ் எழுதுகிறார். கொடுத்த எக்ஸெல்லை நிரப்புகிறவர் வெறும் நிரப்புகிறவர்.

நான்கு மாதமாக உங்களை நிரப்ப மட்டுமே வைத்திருந்தால் அது வங்கியின் தவறு. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி நீங்கள் தொழிலாளி இல்லை, பயிற்சி பெறுபவர். அப்படியென்றால் கற்றுக்கொடுப்பது அவர்கள் கடமை. உங்களுக்கான பயிற்சித் திட்டம் என்ன என்று மரியாதையாக, ஆனால் மெயிலில் எழுதிக் கேளுங்கள். கணக்குகளை ஒத்துப்பார்க்கும் ரீகான் குழுவோடு இரண்டு வாரம் உட்காரக் கேளுங்கள். ஒத்துப்போகாத பதிவுகள் எல்லாம் வந்து சேரும் இடம் அது, வங்கியை அங்கிருந்து பார்த்தால் போல வேறெங்கும் தெரியாது. வங்கிக்கு வங்கி பணம் அனுப்பும் நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்து இருபத்துநாலு மணி நேரமும் ஓடுகிறது, ஆர்டிஜிஎஸ் அதற்கு அடுத்த ஆண்டிலிருந்து. ஆனாலும் ஒவ்வொரு நாளின் கணக்கையும் முடித்தாக வேண்டும். முந்தின இரவு தானாக ஓடிய வேலைகளின் பதிவான பேட்ச் லாக்கைக் காலையில் காட்டச் சொல்லுங்கள். எந்த ஜாப் எதற்குக் காத்திருந்தது, எது விழுந்தது, யாரை எழுப்பினார்கள் என்று படியுங்கள். டெஸ்ட் சர்வரிலாவது எஸ்.க்யூ.எல். எழுத அனுமதி வாங்குங்கள். இதெல்லாம் கேட்டும் மறுத்தால் மறுபடி எனக்கு எழுதுங்கள், அப்போது என் பதில் மாறலாம்.

அப்புறம் அம்மா. நம் வீடுகளில் ‘பேங்க் வேலை’ என்றால் பரீட்சை எழுதி வாங்கிய நிரந்தர வேலை. அம்மாவுக்கு அப்படித்தான் கேட்டிருக்கும், அவர் பொய் சொல்லவில்லை. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அந்தச் சட்டத்தில் இல்லை. வரன் வீட்டார் வேறு வழியில் தெரிந்துகொண்டால் சங்கடம் அம்மாவுக்குத்தான். நான் என் அம்மாவிடம் பத்தாவது மாதத்தில்தான் சொன்னேன். வேலை நிலைக்காதது அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை, இத்தனை நாள் சொல்லாததுதான் வலித்தது. இந்த ஞாயிற்றுக்கிழமையே போன் செய்யுங்கள்.

எனக்கு அந்த வங்கி வேலை கொடுக்கவில்லை. வங்கிகளுக்கு மென்பொருள் எழுதும் கம்பெனிக்குப் போனேன், பதினோரு வருஷம் வட்டிக் கணக்கீட்டிலேயே இருந்தேன்.

இந்த மாதக் கடைசியில் பல வங்கிகளில் சேமிப்புக் கணக்குகளுக்குக் காலாண்டு வட்டி போடுவார்கள். உங்கள் வங்கியிலும் அப்படியென்றால், ஜனவரி முதல் வாரம் அந்தக் குழுவிடம் போய், வட்டி குறைகிறது என்று யாராவது எழுதியிருக்கிறார்களா என்று கேளுங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா