கடலையா, கரையையா?

கேள்வி: வரும் தை மாதம் ராமேஸ்வரத்தில் தொடங்கிக் கன்னியாகுமரி வழியாக முட்டம் வரை செல்லவிருக்கிறேன். சென்ற முறை எடுத்த இருநூறு படங்களிலும் மேலே வானம், கீழே மணல், நடுவே ஒரு நீலக்கோடு. எந்தப் படம் எந்த ஊர் என்று எனக்கே தெரியவில்லை. எங்கே தவறினேன்?
– வாசகர், விருதுநகர்

பதில்: கடலையே பார்த்துக்கொண்டு நின்றதுதான் தவறு. ஊருக்கு ஊர் மாறுவது கடலன்று, கரை. ஆகவே கடலுக்கு நேராக நிற்காமல், கரை ஓடும் திசையிலேயே கேமராவைத் திருப்புங்கள்.

1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனைக்குப் போகும் சாலையில், இடப்புறம் பாக் நீரிணை, வலப்புறம் மன்னார் வளைகுடா. வழக்கமாக அமைதியாக இருக்கும் முன்னதைப் பெண்கடல் என்றும் அலையடிக்கும் பின்னதை ஆண்கடல் என்றும் அங்குள்ளவர்கள் சொல்வார்கள். ஆனால் வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஆண்கடல் அடங்கிப் பெண்கடல் கொந்தளிக்கும். தையில் அந்தக் காற்றின் மிச்சம் இருக்கக்கூடும் என்பதால், இரு கடல்களும் ஒரே படத்தில் விழும்படி சாலையின் நடுக்கோட்டை ஒட்டி, வண்டி வராத நேரம் பார்த்து நில்லுங்கள்.

திருச்செந்தூரை அடைந்ததும் ஒரு மாலையைக் கடலுக்குக் கொடுக்காமல், சற்று உள்ளே இருக்கும் குதிரைமொழித் தேரி என்னும் செம்மணல் மேட்டுக்குக் கொடுங்கள். செம்மண்ணில் காற்று கிழித்த வரிகள் ஒவ்வொன்றுக்கும் விரல் பருமனில் நிழல் விழுவது, வெயில் சாய்ந்த பிறகுதான். வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் வெண்சமநிலையைத் (white balance) தானியங்கியில் விட்டால் கேமரா அந்தச் சிவப்பைத் தன் விருப்பத்துக்கு வெளுத்துவிடும். பகல்வெளிச்சம் என்ற அமைப்பில் வைத்துக்கொள்ளுங்கள். மணப்பாட்டில் மணற்குன்றின் மேல் நிற்கும் தேவாலயத்தை நான் முதன்முதலில் உச்சிவேளையில் எடுத்து, வெண்சுவரில் ஒரு நிழற்கோடுகூட இல்லாத படங்களோடு திரும்பினேன். குன்றின் மேலிருந்து அல்லாமல், வளைந்து வரும் கடற்கரையில் காலையிலேயே நின்று எடுத்தால் குன்று, வளைவு, படகுகள் மூன்றும் சேர்ந்து அமையும்.

முட்டத்தில் பாறைகள்தாம் பொருள். தையில் சூரியன் தென்மேற்கே சாய்ந்து கடலுக்குள்ளேயே மறைவதால் உங்களுக்கு அதிர்ஷ்டம். ஆனியில் சென்றால் அது வடமேற்கே ஒதுங்கிக் கரைப்பக்கம் போய்விடும். முக்காலி இருந்தால், சூரியன் மறைந்தபின் சில விநாடி நீளும் படம் ஒன்று எடுங்கள். பாறையைச் சுற்றி அலை புகைபோல் படியும்.

கேள்வி: கடற்கரை மணல் என் படங்களில் சாம்பல் நிறமாக வருவது ஏன்? லென்ஸில் படியும் உப்பை எப்படித் துடைப்பது?
– வாசகர், தேனி

பதில்: வெளிச்சத்தை அளக்கும் கருவி, பார்க்கும் எதையும் நடுத்தர வெளிச்சமாகவே கொள்வதால், பளிச்சென்ற மணலைக் கண்டதும் படத்தை இருட்டாக்கிவிடும். எக்ஸ்போஷரை ஒரு படி கூட்டினால் பெரும்பாலும் சரியாகும். உப்பைப் பொறுத்தவரை, வேட்டி நுனியாலோ சட்டையாலோ உலர்ந்தபடி தேய்க்கவே கூடாது. உப்புப் பொருக்கில் சிக்கிய மணல்துகள் கண்ணாடியைக் கீறிவிடும். முதலில் காற்றூதியால் மணலை ஊதித் தள்ளிவிட்டு, நல்ல தண்ணீரில் லேசாக நனைத்த மெல்லிய துணியால் ஒற்றியெடுத்து, பிறகே உலர்ந்த துணியால் துடையுங்கள்.