மீன் தொட்டியை ஊர்ப்பக்கமே வாங்குங்க தம்பி

நீடாமங்கலம் பக்கத்துத் தம்பி ஒருத்தர் கேட்டிருக்கார். சிங்கப்பூர் வந்து 2 மாசம் ஆச்சாம். ஊரில் புதுவீடு முடியுது, தையில் கிரகப்பிரவேசம். ஹாலில் அப்பாவுக்கும் மகளுக்கும் 3 அடி மீன் தொட்டி வைக்கணும். இங்கேயே வாங்கி அனுப்பலாமா, சென்னை கொளத்தூரில் எடுக்கலாமா, ஊர்ப்பக்கம் செய்யச் சொல்லலாமா என்பது கேள்வி. கூடவே ரூம் வாடகை, சாப்பாடு, பணம் அனுப்புறது.

தம்பி, ரூமும் சாப்பாடும் பணம் அனுப்புறதும் கூட வேலை பார்க்கிறவங்க ஒரே வாரத்தில் சொல்லிக் கொடுத்துடுவாங்க. தொட்டிக்கு வருவோம். அதில் உங்க பணம் வீணாகிறதைப் பார்க்க எனக்கு மனசில்லை.

முதல் சில சம்பளம் கைக்கு வந்ததும் நம்ம தஞ்சாவூர், திருவாரூர்க்காரங்க எல்லாருக்கும் ஒரே எண்ணம்தான். ஊர் வீட்டில் கண்ணில் படுகிற ஒரு சாமானாவது வெளிநாட்டுச் சாமானா இருக்கணும். பல வருஷம் இங்கே இருந்தவங்களே இன்னும் அட்டைப்பெட்டி கட்டி அனுப்பிக்கிட்டுத்தான் இருக்காங்க. எனக்கு இது பிடிக்காது. எங்கே வாழ்றோமோ அங்கத்துப் பொருளை அங்கே வாங்கப் பழகினவன்தான் இந்த ஊரில் நிலைச்சு நின்னிருக்கான். மீன் தொட்டிக்கும் அதே பேச்சுதான்.

கணக்கைப் பாருங்க. 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் 18 சதுர அடி கண்ணாடி. 8 எம்.எம். கனத்தில் அது மட்டும் 33 கிலோ. விமானப் பெட்டிக்கு நீள அகல உயரம் கூட்டி 158 செ.மீ. என்று வரம்பு வைப்பாங்க; இது 180-ஐத் தாண்டும். கப்பல் பார்சலில் போட்டாலும் ஒரு மூலை இடிபட்டால் போச்சு. அந்த ஒட்டு விட்டால் ஊரில் யார் வந்து பார்ப்பா? கண்ணாடியை ஒட்டுகிற சிலிக்கான் பசை, பழசு மேல் புதுசு பிடிக்காது. முழுக்கச் சுரண்டி எடுத்து மறுபடி ஒட்டணும். அதனால் தொட்டியை ஒட்டின கைக்கும் உங்க வீட்டுக்கும் நடுவே ஒரு குட்டியானை வண்டி போய்வரும் தூரம்தான் இருக்கணும். கொளத்தூரில் மீனும் சாமானும் நிறைய கிடைக்கும், விலையும் குறைவு. ஆனா 300 கிலோமீட்டருக்கு மேல் கண்ணாடியை ஏற்றி வந்தால் அந்த லாபம் வழியிலேயே கரைஞ்சிடும்.

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, எங்கேயாவது தானே தொட்டி ஒட்டுகிற வண்ணமீன் கடையைப் பிடிங்க. ஜன்னல் கண்ணாடிக் கடை வேண்டாம். அவங்க கையில் இருக்கிறது பெரும்பாலும் பாத்ரூமுக்கு அடிக்கிற சிலிக்கான். பூஞ்சை பிடிக்காமல் இருக்க அதில் கலக்கிற மருந்து மீனைக் கொல்லும். மருந்து கலக்காத, காயும்போது வினிகர் வாடை அடிக்கிற சிலிக்கான்தான் வேணும். அந்த வாடை முழுக்கப் போக ஒரு வாரம் விடுங்க.

விலையை சதுர அடிக்கு இவ்வளவு என்று கேட்டு 18-ஆல் பெருக்குங்க. மேலே ஓரத்தில் ஒட்டுகிற பட்டைக்குத் தனியாகச் சேரும். விலை ரொம்பக் குறைவாகச் சொன்னால் 5 எம்.எம். கண்ணாடியைத் தலையில் கட்டுறாங்க என்று அர்த்தம். ஒன்றரை அடி தண்ணீர் நின்றால் அது நடுவில் வெளியே வளையும், ஒட்டு மாசாமாசம் இழுபடும், ஒரு ராத்திரி பிளக்கும். வாங்கப் போகிற ஆளிடம் அளவு நாடா கொடுத்து விடுங்க. ஒட்டுக்குள் நீர்க்குமிழி வரிசையாக ஓடக்கூடாது, கண்ணாடி விளிம்பு தேய்த்திருக்கணும். கடையிலேயே விளிம்பு வரை நிரப்பி 24 மணி நேரம் வைக்கச் சொல்லி, அடியில் செய்தித்தாள் போட்டுப் பார்த்துட்டுத்தான் பாக்கிப் பணம்.

வீட்டில் தண்ணீர் 170 லிட்டர், மணல் 20 கிலோ, ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்து கால் டன்னை நெருங்கும். ஸ்டாண்டின் மேல் ரசமட்டம் வைத்துப் பார்த்து, தெர்மாகோல் விரித்து, அதன் மேல்தான் தொட்டி. ஒரு கால் மட்டும் 3 எம்.எம். தாழ்ந்திருந்தாலும் அந்த மூலைக் கண்ணாடி முறுக்கிக்கொள்ளும். மேற்கு ஜன்னல் ஓரம் கூடாது. சித்திரை வெயிலில் தண்ணீர் 32 டிகிரியைத் தாண்டும், சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். ஹீட்டர் வாங்கி அனுப்புறவங்களைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியம். டெல்டாவில் அதுக்கு வேலையே இல்லை.

இங்கேயிருந்து கொண்டு போக வேண்டியது ரெண்டே ரெண்டு: மீன் கழிவால் தண்ணீரில் சேர்கிற விஷமான அம்மோனியா, நைட்ரைட் பார்க்கிற சொட்டு டெஸ்ட் கிட், அப்புறம் கரண்ட் போனால் தானே ஓடுகிற பேட்டரி ஏர் பம்ப். லித்தியம் பேட்டரி என்றால் கைப்பையில்தான் வைக்கணும். ரெண்டு ஊரிலும் 230 வோல்ட்தான், பிளக் மட்டும் வேற. பம்ப் ஏன் முக்கியம் என்றால், 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரையைக் கடந்ததுக்கு அப்புறம் எத்தனையோ கிராமத்தில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. மூடின பில்டர் சில மணி நேரம் நின்றாலே உள்ளே இருந்து அந்த விஷத்தை முறிக்கிற நல்ல பாக்டீரியா மூச்சு முட்டிச் செத்துடும். கரண்ட் வந்ததும் அந்தக் கெட்ட தண்ணீர் நேராகத் தொட்டிக்குள் பாயும். அந்த ஏர் பம்பில் ஓடுகிற ஸ்பாஞ்ச் பில்டர் ரெண்டு போட்டால் இந்தத் தொல்லை இல்லை.

தண்ணீர் பற்றி இங்கே கேட்டதை அங்கே செய்யாதீங்க. சிங்கப்பூர்க் குழாயில் வர்றது குளோரமின், வாளியில் பிடித்து வைத்தால் போகாது, மருந்து ஊற்றியே ஆகணும். ஊரில் கூட்டுக் குடிநீரில் இருக்கிற குளோரின் ஒரு நாள் காற்றாடினால் போயிடும். போர் தண்ணீர் என்றால் அதையும் 24 மணி நேரம் பம்பு ஓட்டி வைங்க, மேலே வரும்போது அதில் ஆக்சிஜன் கம்மி. வேதாரண்யம் பக்கம் போல உப்பேறின தண்ணீராக இருந்தால் டி.டி.எஸ்., அதாவது கரைஞ்ச உப்பின் அளவு, பார்த்துக்கங்க. வெறும் ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் ஊற்றாதீங்க, அதில் தாதுவே இருக்காது. தாது நிறைந்த கடினத் தண்ணீருக்கு மோலி மீனும் கப்பி மீனும் நல்லா வரும். தங்கமீன் அந்த வெயிலில் வதங்கும்.

தொட்டிக்கு மூடி அவசியம். நம்ம வாய்க்கால் மீனே அதுக்குச் சாட்சி. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்ந்ததும் பிள்ளைங்க துண்டை விரித்து அயிரையும் பனையேறிக் கெண்டையும் அள்ளி ஹார்லிக்ஸ் பாட்டிலில் விடுவாங்க. காலையில் பார்த்தால் கெண்டை திண்ணைக்குக் கீழே கிடக்கும். தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்கிற டேனிஷ் அதிகாரி, இந்த மீனைப் பனைமரத்தில் பிடித்ததாக 1797-லேயே லண்டனில் கட்டுரை எழுதி வெளியிட்டிருக்கார். உங்க மகளுக்கு இதைச் சொல்லுங்க. தொட்டி சுத்தம் பண்ணும் என்று விற்கிற டேங்க் கிளீனர் மீனை மட்டும் வாங்காதீங்க. அது ஒரு அடிக்கு மேல் வளரும், வளர்ந்ததும் வாய்க்காலில் விடுவாங்க, நம்ம ஊர் மீன் அழியும்.

கிரகப்பிரவேசத்தன்று மீன் ஓடணும் என்று ஆசைப்படாதீங்க. புது பெயிண்ட் வாடையையும் ஹோமப் புகையையும் ஏர் பம்ப் உறிஞ்சித் தண்ணீருக்குள் விடும். தை கடைசியில் தண்ணீர் நிரப்பி பில்டரை ஓட விடுங்க, மீன் இல்லாமலே தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போடச் சொல்லுங்க. அந்தத் தீனி அழுகி, நல்ல பாக்டீரியா பிடிக்க 4 முதல் 6 வாரம் ஆகும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் முதலில் ஏறி, அப்புறம் ரெண்டும் பூஜ்யத்துக்கு இறங்கணும். அநேகமாகப் பங்குனி முதல் வாரம் ஆகிடும். அன்றைக்கு 6 மோலி மட்டும் விடச் சொல்லுங்க, மீதி 6 ரெண்டு வாரம் கழித்து.