ஐந்து பேருக்கு மேல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் ஹூஸ்டனில் எங்கள் நண்பர்கள் குழு மாதம் ஒருமுறை வீடற்றவர்களுக்கு உணவுப் பொட்டலம் கொடுக்கிறது. இடத்துக்காரரின் சம்மதம் இல்லாமல் ஐந்து பேருக்கு மேல் உணவளித்தால் அபராதம் என்று 2012 முதல் இங்கே ஒரு நகரச் சட்டம் இருக்கிறதாம். 2023இல் நூலக வாசலில் உணவு கொடுத்தவர்களுக்கு போலீஸ் அபராதச் சீட்டு எழுதியது. உணவுச் சுகாதாரம் முக்கியம் என்றும் சிலர் சொல்கிறார்கள். அன்னதானம் நம் மரபு அல்லவா? சட்டத்தை மதிப்பதா, மரபை மதிப்பதா? படங்கள் இணைத்துள்ளேன்.

ர.

அன்புள்ள ர.,

சட்டத்துக்கு வக்கீலைப் பாருங்கள். சுகாதாரத்துக்குக் கையைக் கழுவிவிட்டுச் சமையுங்கள். குப்பைத்தொட்டியைக் கிளறித் தின்கிறவனின் வயிற்றைப் பற்றி எந்த நகரத்துக்கும் இந்தக் கவலை வந்து நான் பார்த்ததில்லை.

படங்களைப் பார்த்தேன். பதினொன்றிலும் உங்கள் ஆட்கள் கேமராவைப் பார்க்கிறார்கள், வாங்குகிறவர் தரையைப் பார்க்கிறார். ஒரே நிறத்தில் டி-ஷர்ட் வேறு. தயவுசெய்து இதற்கு மரபைத் துணைக்கு இழுக்காதீர்கள், எரிச்சலாக வருகிறது. உங்கள் மனசு நல்ல மனசு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால்தான் திட்டுகிறேன்.

கொஞ்ச நாளாக இதே யோசனைதான் எனக்கும். பூங்காவில் ஐம்பது பேர் கூடிப் பிறந்தநாள் கேக் வெட்டினால் யாரும் சுகாதாரம் பேசுவதில்லை. 2006இல் லாஸ் வேகஸ், பூங்காக்களில் ஏழைகளுக்கு உணவு கொடுக்கக் கூடாது என்றது. யார் ஏழை? அரசு உதவிக்குத் தகுதியானவர் என்று பார்த்ததும் ஒரு சாதாரண ஆளுக்குத் தோன்றுகிறவர். ஏறக்குறைய இதுதான் சட்டத்தின் வாசகமே! சட்டை கசங்கியிருந்தால் சாண்ட்விச் குற்றம். நல்லவேளை, நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

2014இல் ஃபோர்ட் லாடர்டேலில் ஆர்னால்ட் அபாட்டைப் போலீஸ் மறித்தது. இரண்டாம் உலகப் போரில் சண்டை போட்ட 90 வயதுக் கிழவர். உணவு பரிமாறியதற்கு 60 நாள் சிறை, 500 டாலர் அபராதம் வரை போகலாம் என்றார்கள். அதே ஊரில் பொது இடத்தில் இலவசமாக உணவு பகிர்கிற 'ஃபுட் நாட் பாம்ஸ்' குழு வழக்குப் போட்டது. 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அவர்கள் உணவைப் பகிர்வது பேச்சுரிமைக்குள் வரும் என்றது. ஏன் தெரியுமா? அவர்கள் பொட்டலத்தை நீட்டிவிட்டுப் போகவில்லை. பொது இடத்தில் மேசை போட்டு, பதாகை கட்டி, வந்தவர்கள் எல்லோரோடும் சேர்ந்து சாப்பிட்டார்கள். அந்தப் பந்தியே பேச்சு. நீங்கள் காரை ஓரங்கட்டி, கொடுத்து, படமெடுத்து, கிளம்பிவிடுகிறீர்கள். இதில் யாரிடம் என்ன பேசினீர்கள்?

எனக்கும் இது தெரிந்திருக்கவில்லை. சில வருடங்களுக்கு முன் அமெரிக்காவில் ஒரு நண்பர் இப்படி ஒரு வரிசைக்கு அழைத்துப் போனார். நான் கரண்டி பிடித்தேன். தட்டை வாங்கிய பெரியவர் நகராமல், "நீங்க சாப்பிடலையா?" என்றார். வீட்டில் சாப்பிட்டுவிட்டதாகச் சொன்னேன். "அப்ப இது அவ்வளவு மோசமா?" என்று பின்னால் நின்ற பெண்ணிடம் கேட்டார். இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. ஒரு தட்டை எடுத்துக்கொண்டு நடைபாதை விளிம்பில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். சோறும் பீன்ஸும். உப்பே இல்லை. அவர் கோட்டுப் பையைத் துழாவி, கடைகளில் தருகிற குட்டி உப்புப் பொட்டலம் ஒன்றை எடுத்துக் கிழித்தார். பாதியைத் தன் தட்டில் தூவிக்கொண்டு மீதியை என்னிடம் நீட்டினார்.

அன்புடன்