மொட்டை மாடியில் காயும் நொச்சி இலை: ஒரு தந்தைக்குப் பதில்

நெல்லிக்குப்பத்திலிருந்து எழுதியிருக்கும் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மூன்றாமாண்டு நுண்ணுயிரியல் படிக்கும் மகள், நொச்சியையும் குப்பைமேனியையும் மாடியில் நிழலில் உலர்த்துகிறாள். மருந்துக்கு அடங்காத கிருமிகள் அவற்றின் சாற்றுக்கு அடங்குமா என்று பார்க்கப் போகிறாள். அடுத்து எம்.எஸ்சி. என்கிறாள். "கைவைத்தியத்துக்கு எதற்குப் பட்டம்? பி.எட். முடித்தால் ஒரு பள்ளிக்கூடத்திலாவது உட்காரலாமே" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவள் செய்வது கைவைத்தியம் இல்லை, ஐயா. ஆன்டிபயாடிக்குக்கு மசியாத பாக்டீரியாக்கள் 2019-இல் மட்டும் உலகெங்கும் சுமார் 12.7 லட்சம் உயிர்களை நேரடியாகப் பறித்தன என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். போதாத அளவில் மருந்து கொடுத்தால் கிருமி அதற்குப் பழகிவிடும் என்று பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங்கே 1945-இல் எச்சரித்தார். சாதாரணக் காய்ச்சலுக்கும் சீட்டில்லாமல் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குகிறோமே, அதன் விலை இது.

ஆனால் உங்கள் மகளிடமும் ஒன்று சொல்ல வேண்டும். கிருமி வளர உதவும் அகர் கூழ் ஊற்றிய பெட்ரி தட்டில் பாக்டீரியாவைப் பூசி, சாற்றில் நனைத்த 6 மில்லிமீட்டர் காகித வட்டுகளை வைத்து, ஓர் இரவு 37 டிகிரி வெப்பத்தில் விடுவார்கள். மறுநாள் வட்டைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வளையம் தெரிந்தால் வரும் மகிழ்ச்சியை நான் அறிவேன். என் எம்.எஸ்சி. ஆய்விலும் அப்படி ஒரு வளையம் வந்தது. அளவுகோலை வைத்து அளந்துகொண்டே போனபோது, சாறே படாமல், சாறு எடுக்கப் பயன்படுத்திய எத்தனால் என்ற ஆல்கஹாலில் மட்டும் நனைத்த வட்டைச் சுற்றியும் வளையம் நின்றது. வட்டுகளைச் சரியாக உலரவிடாததால், கிருமியைக் கொன்றது இலையா எத்தனாலா என்று சொல்ல வழியில்லை. இரண்டு மாத வேலையை முதலிலிருந்து தொடங்கினேன். அந்த வெறும் வட்டை வைக்கச் சொன்ன ஆசிரியருக்கு இன்றும் நன்றியோடிருக்கிறேன்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் சிப்ரோபிளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் வட்டில் உள்ள மருந்து 5 மைக்ரோகிராம். பக்கத்தில் வைக்கும் சாற்று வட்டில் ஒரு மில்லிகிராம் இருந்தாலே அது 200 மடங்கு. இரண்டு வளையமும் ஒரே அகலம் என்பதால் இலை மருந்துக்குச் சமமாகிவிடாது. எவ்வளவு குறைந்த அளவில் கிருமி அடங்குகிறது, அந்த அளவு மனித செல்லைக் கெடுக்காமல் இருக்கிறதா, சாற்றிலுள்ள பல பொருள்களில் வேலை செய்வது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு வேதியியல் வேண்டும். நம் பிள்ளைகள் பலர் சறுக்குவது இங்கேதான். வேதியியலுக்குப் பயந்து உயிரியல் பக்கம் வந்தவர்கள் வளையத்தோடு நின்றுவிடுகிறார்கள். கலவையிலுள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் குரோமட்டோகிராபியைக் கையால் செய்து பழகியவர்களுக்கு ஆய்வகத்திலும் மதிப்பு, மருந்து நிறுவனத்திலும் மதிப்பு.

வேலை கிடைக்குமா என்கிறீர்கள். வெறும் பி.எஸ்சி.யோடு நின்றால் கடினம், மறைக்க மாட்டேன். மருத்துவமனை ஆய்வகங்கள் பெரும்பாலும் மருத்துவ ஆய்வக நுட்பம் படித்தவர்களையே தேடுகின்றன. ஆனால் கடலூர் சிப்காட்டிலும் புதுச்சேரியிலும் மருந்துத் தொழிற்சாலைகள் உள்ளன. மருந்தில் கிருமி கலந்திருக்கிறதா என்று சோதிக்கும் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு நுண்ணுயிரியல் படித்தவர்கள் வேண்டும். ஏற்றுமதி இறாலில் ஆன்டிபயாடிக் எச்சம் இருக்கிறதா என்று பார்க்கும் ஆய்வகங்களும் உண்டு. ஆய்வுதான் வழி என்றால் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை பெறட்டும். மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையும் வீட்டு வாடகைப் படியும் உண்டு.

தொலைவுக்கு அனுப்ப வேண்டியதில்லை. காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கு சேர சி.யு.இ.டி. முதுநிலை நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். விண்ணப்பம் டிசம்பர், ஜனவரியிலேயே வந்துவிடும், தவறவிடாதீர்கள். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், அதன் கடல் உயிரியல் மையம் பரங்கிப்பேட்டையில். பிச்சாவரத்து அலையாத்தித் தாவரங்களைப் பற்றி அறிய விரும்புகிறவளுக்கு அது பக்கத்து வீடு.

எந்தக் கல்லூரியானாலும் சேருமுன் அவளோடு போய் ஆய்வகத்தைப் பாருங்கள். அழுத்த நீராவியால் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவ் ஓடுகிறதா, கிருமி வெளியே பரவாமல் காக்கும் உயிர்ப்பாதுகாப்புக் கூண்டு இருக்கிறதா, பெட்ரி தட்டு ஒரு மாணவிக்கு எத்தனை வருகிறது என்று ஆய்வக உதவியாளரிடம் கேளுங்கள். கிருமி வீட்டுக்கு வந்துவிடுமோ என்று உங்கள் மனைவி பயப்படுவதாக எழுதியிருந்தீர்கள். ஆய்வக அங்கி வீட்டுக்கு வரக்கூடாது, பயன்படுத்திய தட்டுகளை ஆட்டோகிளேவில் அழித்த பிறகே எறிய வேண்டும். இவ்விரண்டையும் கண்டிப்பாகப் பின்பற்றும் துறை என்றால் அனுப்பலாம். பணம் வாங்கிக்கொண்டு ஆய்வேட்டை முடித்துத் தருகிறோம் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பி.எட். பற்றி: நுண்ணுயிரியல் பட்டத்தைப் பள்ளியில் எந்தப் பாடத்துக்கு இணையாக ஏற்கிறார்கள் என்று முதலில் எழுத்துமூலம் கேட்டுப் பெறுங்கள். அந்தப் பதில் வந்தபின் மகளையும் உட்கார வைத்துக்கொண்டு பேசுவோம். அடுத்த முறை கேள்விகளை அவளே எழுதட்டும், ஐயா. அவள் ஆய்வில் எத்தனால் மட்டும் நனைத்த வட்டு ஒன்று இருக்கிறதா என்று நானும் அவளிடம் கேட்க வேண்டும்.