புரதம் எங்கே நின்றுபோனது? சுரப்பு ஆய்வை எடுக்கத் தயங்கும் மாணவருக்கு

முதுநிலைத் திட்டத்துக்கு 'பாக்டீரியாவில் புரத மடிப்பும் சுரப்பும்' என்ற தலைப்பு வந்திருக்கிறது, எடுத்தால் வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக எடுங்கள். ஆனால் புரதம் செல்லைவிட்டு வெளியேறும் சுரப்பு வழிகளின் பெயர்களை வரிசையாக ஒப்பிப்பதால் நேர்காணலில் பெரிய பயன் இல்லை. ஒரு புரதம் செல்லின் எந்த அறையில், எதனால் நின்றுபோனது என்று, புரதங்களை அளவுவாரியாகப் பட்டைகளாகப் பிரிக்கும் ஜெல்லைக் காட்டிச் சொல்லத் தெரியவேண்டும். திட்டக் காலம் முழுவதையும் அந்த ஒரு திறனுக்கே செலவிட்டாலும் நஷ்டமில்லை.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இ. கோலை பாக்டீரியாவுக்கு இரண்டு சவ்வுகள், நடுவில் பெரிப்பிளாசம் என்ற இடைவெளி, உட்சவ்வுக்குள் சைட்டோபிளாசம். வெளியேறும் புரதங்களில் பெரும்பாலானவை செக் (Sec) என்ற வழியாக உட்சவ்வைக் கடக்கின்றன. அவற்றின் முன்முனையில் ஏறக்குறைய 20 முதல் 30 அமினோ அமிலங்கள் கொண்ட சமிக்ஞைத் தொடர் இருக்கும். செக் துளைக்குள் மடிந்த புரதம் நுழையாது, நூல் போல விரிந்துதான் போகவேண்டும். அதனால் செக்பி என்ற துணைப் புரதம் மடியவிடாமல் பிடித்து வைக்கிறது, செக்ஏ என்ற இன்னொரு புரதம் செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் செலவழித்துத் தள்ளுகிறது. கடந்ததும் சமிக்ஞைத் தொடர் வெட்டப்படுகிறது. டாட் (Tat) என்ற இன்னொரு வழி இதற்கு நேரெதிர்: உள்ளேயே மடிந்து முடித்த புரதத்தைப் புரோட்டான் விசையால் கடத்துகிறது.

எந்த வழியைத் தேர்வது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். டைசல்பைடு பிணைப்பு (இரண்டு கந்தக அணுக்கள் சேரும் பிணைப்பு) தேவைப்படும் புரதம் சைட்டோபிளாசத்தில் சரியாக மடியாது, அங்கே அந்தப் பிணைப்பு நிலைப்பதில்லை. பெரிப்பிளாசத்தில் டிஎஸ்பிஏ நொதி அதை உருவாக்கும். ஆகவே அத்தகைய புரதத்துக்குச் செக் வழி பொருந்தும். சாதாரணப் பச்சை ஒளிர்புரதமோ செக் வழியே போனால் பெரிப்பிளாசத்தில் ஒளிராது, டாட் வழியே போனால் ஒளிரும். இந்த ஒரு சோதனையை விளக்கத் தெரிந்தாலே இரு வழிகளின் வேறுபாடும் உங்கள் கைக்குள் வந்துவிட்டது என்று பொருள்.

இனி கைவேலை. வளர்ப்பை மையவிலக்கில் சுழற்றி மேல்நீரை 'ஊடகம்' என்று தனியே வையுங்கள். படிந்த செல்களை, ஒரு கிராம் ஈர எடைக்கு 80 மில்லிலிட்டர் வீதம், 30 மில்லிமோலார் டிரிஸ், 20 சதவீதச் சுக்ரோஸ், 1 மில்லிமோலார் ஈடிடிஏ கொண்ட பிஎச் 8 கரைசலில் கலக்கிப் பத்து நிமிடம் விடுங்கள். ஈடிடிஏ வெளிச்சவ்வைத் தளர்த்தும், சுக்ரோஸ் செல்லின் நீரை இழுக்கும். 8,000 ஜியில் (புவியீர்ப்பின் 8,000 மடங்கு விசையில்) சுழற்றி, படிவை உடனே அதே அளவு பனிக்குளிர்ந்த 5 மில்லிமோலார் மெக்னீசியம் சல்பேட்டில் போட்டு, பனியில் பத்து நிமிடம் கலக்குங்கள். நீர் திடீரென உள்ளே பாயும்போது பெரிப்பிளாசப் புரதங்கள் வெளிவரும். மறுபடி சுழற்றினால் மேல்நீரே பெரிப்பிளாசம். எஞ்சிய செல்லை உடைத்து, முதலில் குறைந்த வேகத்தில் கரையாமல் திரண்ட புரதக் கட்டிகளையும், பிறகு 1,00,000 ஜியில் ஒரு மணி நேரம் சுழற்றிச் சவ்வையும் பிரிக்கலாம். எல்லாப் பகுதிகளையும் ஒரே எண்ணிக்கைச் செல்களுக்கு ஈடாக ஜெல்லில் ஏற்றுங்கள். சம மைக்ரோகிராம் ஏற்றினால் ஒப்பிடவே முடியாது.

எந்தப் பகுதி எது என்று காட்டும் அடையாளப் புரதங்கள் இல்லாத பிரிப்பை யாரும் நம்பமாட்டார்கள். சைட்டோபிளாசத்துக்கு அங்கேயே இருக்கும் குரோஇஎல் என்ற புரதம், பெரிப்பிளாசத்துக்கு மால்டோஸ் பிணைப்புப் புரதம் வைத்துப் பாருங்கள். ஊடகத்தில் உங்கள் புரதத்தோடு குரோஇஎல்லும் தெரிந்தால் அது சுரப்பு அல்ல, செல் உடைந்த கசிவு. 'வெளியே வந்துவிட்டது' என்று மகிழ்ந்து எழுதிய பல முடிவுகள் இங்கேதான் கவிழும்.

ஜெல்லில் எதிர்பார்த்த பட்டைக்கு 2 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) அளவு மேலே இன்னொரு பட்டை தெரிகிறதா? அது பெரும்பாலும் சமிக்ஞைத் தொடர் வெட்டப்படாத முன்வடிவம். உற்பத்தி அதிகமாகித் துளைகள் நிரம்பிவிட்டன. புரத உற்பத்தியைத் தூண்டும் ஐபிடிஜி என்ற வேதிப்பொருளை 1 மில்லிமோலாரிலிருந்து 0.05 அல்லது 0.1-க்கும், வெப்பநிலையை 37 டிகிரியிலிருந்து 20 முதல் 25-க்கும் குறைத்துப் பாருங்கள். உற்பத்தியைக் குறைத்தால் சுரப்பு கூடுவது இத்துறையில் சாதாரணம். சரியான அளவுப் பட்டையே படிவில் மட்டும் இருந்தால், கடந்த பிறகு பெரிப்பிளாசத்திலேயே கட்டியாகியிருக்கலாம். அதைச் சைட்டோபிளாசக் கட்டி என்று எழுதிவிடாதீர்கள்.

இந்தக் கேள்விகள்தான் தொழிற்சாலையிலும் கேட்கப்படுகின்றன. கண் நோய்க்கான ரானிபிசுமாப் என்ற எதிர்பொருள் துண்டு இ. கோலையில்தான் தயாராகிறது. சலவைத்தூள் நொதியான சப்டிலிசினை பேசில்லஸ் இனங்கள் நேரடியாக ஊடகத்தில் விடுகின்றன. அவற்றுக்கு வெளிச்சவ்வு இல்லை. கட்டியாகச் சேரும் புரதத்தை 8 மோலார் யூரியாவில் கரைத்து மீண்டும் மடிக்கவைக்கும் பணியும் இருக்கிறது. முதுநிலையோடு நுழைய நொதித்தல், தூய்மையாக்கல், தரப் பகுப்பாய்வுப் பிரிவுகளைப் பாருங்கள். சுரப்பு இயந்திரங்களின் கட்டமைப்பை ஆராயும் ஆசை இருந்தால் முனைவர் பட்டம் இல்லாமல் போக முடியாது, அதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தலைப்பை ஒப்புக்கொள்ளும் முன் வழிகாட்டியிடம் மூன்றைக் கேளுங்கள். அதிவேக மையவிலக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா? அடையாளப் புரதங்களுக்கு எதிர்பொருள் கையிருப்பில் உண்டா? சமிக்ஞைத் தொடர் உள்ளதும் இல்லாததுமான இரண்டு பிளாஸ்மிடும் (மரபணுவைச் சுமக்கும் வட்ட டிஎன்ஏ) தயாரா? கடைசிக் கேள்விக்கு 'இல்லை' என்றால் முதல் சில வாரங்கள் அவற்றை உருவாக்கும் குளோனிங்கிலேயே கரையும். அதைக் கணக்கில் எடுத்து அட்டவணை போட்டுக்கொண்டு சேருங்கள்.